பட்டின் நிறமும் அரிசியின் நிறமும்

மதுரையில் ஆண்டுதோறும் சித்திரா பௌர்ணமியை ஒட்டி அழகர் வைகையாற்றில் இறங்குகிறார் என்று சொல்லிக்கொண்டு லட்சக்கணக்கான மக்கள் கூடுகிறார்கள். அப்படிக் கூடுகிறவர்களில் அநேகர் முக்கியமாய்க் கவனிப்பது எதை என்றால், அன்று அழகருக்கு என்ன நிறப் பட்டு உடுத்தியிருக்கிறது என்பதையேயாகும். பச்சைப் பட்டானால் அவ்வருஷம் மழையும் விளைச்சலும் பெருகுமாம். சிவப்பானால் நாட்டுக்குக் கேடாம். மற்ற நிறங்களுக்கும் ஆளுக்கொரு பலன் சொல்லுகிறார்கள். பெட்டிக்குள் கையை விட்டு, கைக்கு அகப்பட்ட பட்டை எடுப்பதால் அது தெய்வ சித்தம் என்றும் சொல்லப்படுகிறது.

இதைப்பற்றி நாம் இங்கு அதிகம் சண்டை போட வரவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறோம். இத்தனை காலமாகச் சொல்லி வருகிற இந்தப் பலனுக்குக் கணக்கு எங்கே? ஒரு ஏட்டில் ஒரு பக்கம் அந்தந்த வருஷத்துப் பட்டின் நிறத்தையும், அதற்கு எதிரே அந்த வருஷத்து மழையின் அளவையும் விளைந்த நெல்லின் அளவையும் எழுதி, பச்சை உடுத்திய வருஷங்களில் எத்தனை பலித்தது, எத்தனை பொய்த்தது என்று கூட்டிக் கழித்துக் காட்டினவர் யார்? மேலூர்ப் பக்கத்து வயல்கள் பச்சை கட்டியது பட்டினாலா, அல்லது 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாற்று அணையின் தண்ணீராலா? 1959 முதல் வைகை அணை தேக்கி வைத்துக் கொடுக்கும் தண்ணீர் எந்த நிறப் பட்டைப் பார்த்து மதகு வழியே வெளியே வருகிறது?

நிற்க, நிறத்தைப் பார்த்து முன்கூட்டிப் பலன் சொல்லும் வேலை இன்னொன்றும் உலகத்தில் இருக்கிறது. அதுவும் விளைச்சலைப் பற்றியதுதான். ஆனால் அது பட்டின் நிறத்தைப் பார்ப்பதல்ல, அரிசியின் நிறத்தைப் பார்ப்பது. அதைப்பற்றி நம் கிராமவாசிகளும் நகரவாசிகளும் தெரிந்துகொள்ள வேண்டியது அவசியம் என்று கருதியே இதை எழுதுகிறோம். ஏனெனில், உண்மையான முன்கூட்டல் எது, வெறும் ஜோசியம் எது என்று பிரித்தறிய இதைவிட நல்ல உரைகல் நமக்குக் கிடைப்பது அரிது.

விஷயம் இதுதான். மாப்பிள்ளைச் சம்பா என்ற நெல்லை நம்மில் பலர் அறிவோம். பயிர் உயரமானது, அரிசி சிவப்பானது. மற்றொரு புறம் 1966இல் பிலிப்பைன்ஸ் தேசத்து சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர்.8 என்ற நெல் இருக்கிறது. அதன் பயிர் குட்டை, அரிசி வெள்ளை. இவ்விரண்டையும் கலந்தால் முதலில் உண்டாகும் கலப்புப் பயிர் எப்படி இருக்கும்? பாதி உயரமாகவும், வெளுத்த சிவப்பாகவும் இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இருப்பதில்லை. உயரமாகவும் சிவப்பாகவுமே இருக்கும். குட்டையும் வெள்ளையும் எங்கே போயின என்றால், எங்கும் போகவில்லை, உள்ளேயே ஒடுங்கிக் கிடக்கின்றன. ஆகவே உயரத்தையும் சிவப்பையும் ஓங்கு குணம் என்றும், குட்டையையும் வெள்ளையையும் ஒடுங்கு குணம் என்றும் சாஸ்திரிகள் சொல்லுகிறார்கள்.

ஒவ்வொரு குணத்துக்கும் செடியினுள் இரண்டு மரபணுக்கள் இருக்கின்றன. ஒன்று தாய் வழியில் வந்தது, மற்றொன்று தகப்பன் வழியில் வந்தது. அந்தச் செடி தன் மகரந்தத் தூளுக்கோ சூலுக்கோ கொடுப்பது அவ்விரண்டில் ஏதாவது ஒன்றை மட்டுமேயாகும். எதைக் கொடுக்கும் என்பது ஒரு காசைச் சுண்டிப் போட்டால் பூ விழுமா தலை விழுமா என்பதைப் போன்றது. இரண்டுக்கும் சம வாய்ப்பு. இங்கே நாம் சிவப்புக்கும் வெள்ளைக்கும் ஒரே ஜோடி மரபணுவில்தான் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டு பேசுகிறோம்.

இப்போது ஒரு உயரமான சிவப்பு நெற்பயிர் நம் முன் நிற்கிறது. அது பரிசுத்தமான ரகமா, அல்லது வெள்ளையையும் குட்டையையும் உள்ளே ஒளித்து வைத்திருக்கும் கலப்பா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எவ்வளவு அனுபவசாலியானாலும் முடியாது. ஆனால் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. அதற்குத்தான் சோதனைக் கலப்பு என்று பெயர். எதையும் ஒளித்து வைக்க முடியாத ஒரு பயிரோடு, அதாவது குட்டையும் வெள்ளையுமான பயிரோடு, இதைக் கலந்து விடுவது. குட்டை வெள்ளைப் பயிரிடம் ஒடுங்கு குணத்தின் மரபணுக்களைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. ஆகையால் அது பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பங்கு எதையும் மறைக்காது. பிள்ளைகளில் எது தெரிகிறதோ அதெல்லாம் மற்ற பெற்றோரின் உள்ளே இருந்ததுதான்.

இனி முன்கூட்டிச் சொல்லுவோம். நம் உயரமான சிவப்புப் பயிர் இரண்டு குணத்திலும் கலப்பாக இருந்தால், அது நான்கு விதமான மகரந்தத்தை உண்டாக்கும்: உயரமும் சிவப்பும், உயரமும் வெள்ளையும், குட்டையும் சிவப்பும், குட்டையும் வெள்ளையும். நெல்லுக்கு 12 ஜோடி குரோமோசோம்கள் உண்டு. குட்டைக்கான மரபணு அவற்றில் 1ஆவதிலும், சிவப்புக்கான முக்கிய மரபணு 7ஆவதிலும் இருக்கின்றன. ஒன்று எங்கே போகிறது என்பதற்கும் மற்றது எங்கே போகிறது என்பதற்கும் சம்பந்தமில்லை. ஒரு கையால் ஒரு ரூபாய்க் காசையும் மற்றொரு கையால் ஐந்து ரூபாய்க் காசையும் சுண்டுவது போலத்தான். ஒன்று பூவாக விழுந்ததற்காக மற்றதும் பூவாக விழவேண்டுமென்ற கட்டாயம் கிடையாது. ஆகவே நான்கு விதமும் சம பங்காக வரும். அந்த விதைகளை நட்டு, பயிர் முற்றினதும் உயரத்தை அளந்து, கதிரைக் கசக்கி அரிசியைப் பார்த்தால், 100 பயிரில் சுமார் 25 உயர சிவப்பு, 25 உயர வெள்ளை, 25 குட்டை சிவப்பு, 25 குட்டை வெள்ளை இருக்கும். கலப்பாயுள்ள குணம் ஒன்றானால் இரண்டு விதம், இரண்டானால் நான்கு, மூன்றானால் எட்டு, நான்கானால் பதினாறு. இதுதான் சூத்திரம்.

பயிர் இரண்டிலும் பரிசுத்தமாக இருந்தாலோ பிள்ளைகள் எல்லாம் உயர சிவப்பாகவே இருக்கும். உயரத்தில் பரிசுத்தம், நிறத்தில் கலப்பு என்றால் எல்லாம் உயரமாகவும், பாதி சிவப்பு பாதி வெள்ளையாகவும் இருக்கும். ஆகவே பிள்ளைகளை எண்ணினால் பெற்றோரின் ரகசியம் வெளியாகிவிடும்.

இதைச் சொன்னவர் யார், எதை வைத்துச் சொன்னார் என்று வாசகர்கள் கேட்க வேண்டும். கேட்பதே நமது கொள்கை. ஐரோப்பாவில் புரூன் என்ற ஊரில் ஒரு கிறிஸ்தவ மடத்தில் இருந்த கிரிகோர் மெண்டல் என்ற துறவிதான் இதை முதலில் எண்ணிக் காட்டினவர். 1865இல் சபையில் வாசித்து 1866இல் அச்சிட்டார். அவர் துறவியாயிருந்தும் பட்டாணியின் நிறத்துக்கு வேத புஸ்தகத்தில் காரணம் தேடவில்லை, தோட்டத்தில் இறங்கி எண்ணினார். உருண்டை மஞ்சள் பட்டாணிக் கலப்பை, சுருங்கிய பச்சைப் பட்டாணியோடு சோதனைக் கலப்புச் செய்ததில் ஒரு தடவை அவருக்குக் கிடைத்தது 110 விதை. அவற்றில் உருண்டை மஞ்சள் 31, உருண்டை பச்சை 26, சுருங்கிய மஞ்சள் 27, சுருங்கிய பச்சை 26. அதாவது ஒவ்வொன்றும் இருபத்தேழரை இருக்க வேண்டிய இடத்தில் இப்படி இருந்தன.

“பார்த்தீர்களா, சரியாக வரவில்லையே” என்று புரோகிதர்கள் சிரிக்கலாம். இங்கேதான் விஞ்ஞானத்தின் யோக்கியதை விளங்குகிறது. காசை 100 தடவை சுண்டினால் சரியாக 50 தலை விழுவதும் அபூர்வமே. எவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியது, எவ்வளவு வந்தால் சொன்ன விதியே தப்பு என்று சந்தேகிக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஒவ்வொரு குவியலிலும் வந்ததற்கும் வரவேண்டியதற்கும் உள்ள வித்தியாசத்தை அதே எண்ணால் பெருக்கி, வரவேண்டியதால் வகுத்து, நான்கையும் கூட்டு. விடை சுமார் 7.8ஐத் தாண்டினால், விதி உண்மையாயிருக்கும்போது அப்படி நேருவது 100இல் 5 தடவைதான், ஆகவே விதியைச் சந்தேகி என்பது முறை. மெண்டலின் 110 விதைக்கு விடை 0.62. ஆகவே விதி நின்றது. இதில் நாம் கவனிக்க வேண்டியது, தான் எப்போது தோற்றுப் போனதாக ஒப்புக்கொள்வேன் என்பதை விஞ்ஞானம் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறது என்பதுதான். எந்தப் பஞ்சாங்கக்காரர் அப்படிக் கொடுத்திருக்கிறார்?

இது வெள்ளைக்காரர் நாட்டுப் பட்டாணிக்கு மாத்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். 1912இல் கோயமுத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அங்கே சர்க்கார் தாவர சாஸ்திரியாயிருந்த பார்னெல் என்பவரும், அவரோடு வேலை செய்த ஜி.என். ரங்கசாமி அய்யங்கார், கே. ராமையா ஆகியவர்களும் நம் நெல்லின் குணங்கள் எந்த விகிதத்தில் பிரிகின்றன என்று எண்ணி 1917இல் வெளியிட்டார்கள். இந்த ராமையாவே பிறகு 1946இல் கட்டாக்கில் ஏற்பட்ட மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் டைரக்டர் ஆனார்.

1921இல் பார்னெல் இன்னொரு அருமையான சங்கதியை வெளியிட்டார். சாதாரண நெல்லையும், வேகவைத்தால் பசைபோல் ஒட்டிக்கொள்ளும் அரிசியுடைய நெல்லையும் கலந்த பயிரின் மகரந்தத் தூளை எடுத்து, அதன்மேல் அயோடின் விட்டு, பூதக்கண்ணாடியில் பார்த்தார். ஏறக்குறையப் பாதித் தூள் கருநீலமாகவும் பாதி செம்பழுப்பாகவும் மாறிற்று. ஒரே பூவின் மகரந்தம் இரண்டாகப் பிரிந்து கண்முன் நின்றது. பிள்ளை பிறந்து வளர்ந்து அறுவடையாகும் வரை காத்திராமல், “பாதிக்குப் பாதி” என்று மெண்டல் யூகித்துச் சொன்னது பிரத்தியட்சமாயிற்று. நம் தமிழ்நாட்டு மண்ணில் விளைந்த நெற்பூவே இதற்குச் சாட்சி.

ஐ.ஆர்.8 பிறந்த கதையும் இதுதான். 1962இல் பேட்டா என்ற உயரமான இந்தோனேஷிய நெல்லையும், தீ-ஜியோ-வூ-ஜென் என்ற குட்டைத் தைவான் நெல்லையும் கலந்தார்கள். முதல் தலைமுறை முழுவதும் உயரம். ஜோசியம் பார்ப்பவராயிருந்தால் “ராசி இல்லை” என்று அன்றே கைவிட்டிருப்பார்கள். கணக்குத் தெரிந்தவர்கள் அதைத் தானாகவே விளையவிட்டு அடுத்த தலைமுறையைப் பார்த்தார்கள். நாலில் ஒரு பங்கு குட்டை! ஒரே ஒரு மரபணுதான் காரணம் என்று உடனே விளங்கிவிட்டது. அதிலிருந்து பொறுக்கி எடுத்த ஒரு செடியின் சந்ததியே ஆசியாக் கண்டத்தின் பல கோடி வயிறுகளுக்குச் சோறு போட்டது.

இதனால் நம் குடியானவர்களுக்கு என்ன லாபம்? மாப்பிள்ளைச் சம்பா காற்றுக்கும் மழைக்கும் சாய்ந்துவிடுகிறது. சாயாத குட்டைப் பயிரில் அதே சிவப்பரிசி வேண்டும் என்றால் என்ன செய்வது? கலப்பைத் தானே விளையவிட்டால் 16 பங்கில் 9 உயர சிவப்பு, 3 உயர வெள்ளை, 3 குட்டை சிவப்பு, 1 குட்டை வெள்ளை என்று பிரியும். 160 பயிர் நட்டால் சுமார் 30 குட்டை சிவப்பு கிடைக்கும். அவற்றில் சுமார் 10தான் சிவப்பில் பரிசுத்தம், மற்ற 20உம் வெள்ளையை ஒளித்து வைத்திருப்பவை. வெள்ளையோடு சோதனைக் கலப்புச் செய்து, ஒவ்வொன்றிலும் 10 பிள்ளையைப் பார்த்தால் போதும். பத்தும் சிவப்பானால் அது பரிசுத்தம் என்று கொள்ளலாம். கலப்புப் பயிர் நம்மை ஏமாற்றிப் பத்தையும் சிவப்பாகக் காட்டுவது 1,024இல் ஒரு தடவைதான். தானே விளையவிட்டுப் பத்து பார்த்தாலோ 18க்கு ஒரு தடவை ஏமாந்துபோவோம். ஆயினும் நெற்பூவைக் கையால் கலப்பது நுணுக்கமான, சிரமமான வேலையானதால், ஆராய்ச்சிக்காரர்கள் அநேகமாய்த் தானே விளையவிட்டு அதிகச் செடிகளை எண்ணுகிறார்கள். இம்மாதிரி முயற்சியால்தான் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து, ஐ.ஆர்.8ஐ ஒரு பெற்றோராகக் கொண்ட டி.கே.எம்.9 என்ற குட்டைச் சிவப்பரிசி ரகம் நமக்குக் கிடைத்தது.

மற்றொரு விஷயம் இதைவிட அவசரமானது. வீரிய ஒட்டு விதை என்று மக்காச்சோளத்திலும், பருத்தியிலும், கத்தரி, தக்காளியிலும் கடைகளில் விற்கிறார்கள். 1970இல் சூரத்தில் எச்.4 என்ற பருத்தி ஒட்டு வெளிவந்தது முதல் பருத்தியில் இது பரவிற்று. முதல் வருஷம் பயிர் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி செழித்து நிற்கிறது. ஏழைக் குடியானவர், “விதைக்கு ஏன் மறுபடியும் பணம்?” என்று அதிலேயே விதை எடுத்து அடுத்த வருஷம் போடுகிறார். பயிர் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று முன்னால் காய்க்கிறது, ஒன்று காய்ப்பதேயில்லை. உடனே “சனி பிடித்தது” என்கிறார். பரிகாரம் என்று இன்னும் கொஞ்சம் பணம் போகிறது. தோழர்களே, அது சனியல்ல, அதுதான் மெண்டல் கணக்கு! ஒடுங்கிக் கிடந்தவை பிரிந்து வெளியே வந்துவிட்டன, அவ்வளவே. இரண்டு குணத்திலேயே நான்கு விதம் என்றால், பல குணங்களில் கலந்த ஒட்டு விதையில் எத்தனை விதம் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே விதை வாங்கும்போது, “இது ரகமா, வீரிய ஒட்டா?” என்று கேட்க வேண்டியது முதல் கடமை. நெல்லில் சாதாரண ரகமானால் அது தன் பூவிலேயே தான் கருவுறுவதால், கலப்பில்லாமல் பார்த்து எடுத்த சொந்த விதையைத் தைரியமாய்ப் போடலாம். ஒட்டு விதையானால் எடுத்து வைப்பதில் பிரயோஜனமில்லை. சந்தேகமிருந்தால் கேட்க மதுரையிலேயே 1965 முதல் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. கிளி ஜோசியக்காரரிடம் போவதைவிட அங்கே போவது மேல்.

இன்னும் ஒன்று சொல்லிவிட வேண்டும். எல்லாக் குணங்களும் இப்படிப் பிரிவதில்லை. ஒரே குரோமோசோமில் பக்கத்தில் பக்கமாய் இருக்கும் மரபணுக்கள் பெரும்பாலும் சேர்ந்தே போகும். அப்போது நான்கு குவியலும் சமமாக வராது. பழைய ஜோடிகள் அதிகமாகவும் புது ஜோடிகள் குறைவாகவும் வரும். அதையும் இதே சோதனைக் கலப்புதான் காட்டிக் கொடுக்கும். சமமாக வராவிட்டால் விதி பொய்யென்று மூடி மறைக்காமல், ஏன் வரவில்லை என்று தேடினதால்தான் மரபணுக்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்ற படமே வரையப்பட்டது.

கடைசியாக, பிறவியைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உயரமும் சிவப்பும் தலைமுறை தலைமுறையாக மாப்பிள்ளைச் சம்பாவில் ஒன்றாக இருந்தன. அதனால் அவை ஒன்றோடொன்று கட்டப்பட்டவை என்று யாராவது சொல்லியிருந்தால் ஒரே ஒரு கலப்பில் அந்தக் கட்டு அவிழ்ந்து போயிருக்கும். அப்படியிருக்க, ஒரு ஜாதியில் சில பேர் படித்திருப்பதைக் காட்டி, படிப்பும் அந்தப் பிறவியும் பிணைந்தவை என்று சொல்லுவதற்கு என்ன ஆதாரம்? எந்தக் கலப்பை எண்ணினார்கள்? பள்ளிக்கூடத்தை ஒருவனுக்குத் திறந்து வைத்து மற்றவனுக்கு மூடி வைத்துவிட்டு, விளைச்சலை விதையின்மேல் சுமத்துவது, ஒரு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சி மறு வயலைக் காயப்போட்டு விதையைக் குறை சொல்லுவது போன்றதல்லவா?

ஆனால் பட்டாணிக் கணக்கை மனிதர் புத்திக்கும் ஒழுக்கத்துக்கும் அப்படியே ஒட்டிவிடுவதையும் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். அமெரிக்க ராஜ்யங்கள் சிலவற்றில் 1907 முதலும், ஜெர்மனியில் 1933இலும் “தாழ்ந்த பிறவி” என்று சொல்லி மனிதர்களைப் பலவந்தமாய் மலடாக்கச் சட்டம் செய்தார்கள். மனிதன் புத்தி ஒரு ஜோடி மரபணுவில் இல்லை. அது உணவிலும், படிப்பிலும், சூழ்நிலையிலும் பின்னிக் கிடக்கிறது. எண்ணாமலேயே விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லிக் கொடுமை செய்ததால் அதுவும் ஒரு புரோகிதமேயாகும்.

நாம் வாசகர்களைக் கேட்டுக்கொள்வது இரண்டே காரியம். ஒவ்வொரு ஊர்ப் படிப்பகத்திலும் ஒரு ரூபாய்க் காசையும் ஐந்து ரூபாய்க் காசையும் 100 தடவை சேர்த்துச் சுண்டி, நான்கு குவியலாகக் கரும்பலகையில் குறித்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அது ஒரு மணி நேர வேலை. அடுத்த சித்திரை முதல் அதே இடத்தில் ஒரு ஏடு போட்டு, பட்டின் நிறம் ஒரு பக்கம், மழையின் அளவு மறுபக்கம் என்று எழுதி வாருங்கள். அது பல வருஷ வேலை. முடிவு எதுவானாலும் ஒளிக்காமல் எழுதுங்கள். எழுதின ஏட்டை யார் கேட்டாலும் திறந்து காட்டுங்கள்.